ஷ்லிசெல்பர்க்: சிறைக்காகவா ஓர் ஊர்?

கேள்வி இதுதான்: "லெனினின் அண்ணன் ஷ்லிசெல்பர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார் என்று ஒரு வரி படித்தேன். அது என்ன ஊர்? கைதிகளை அடைப்பதற்கென்றே கட்டிய கோட்டையா? இப்போது அங்கே என்ன இருக்கிறது?"

சிறைக்காகக் கட்டியது இல்லை. கோட்டை எழுந்தது 1323-ல். அது சிறையானது பதினெட்டாம் நூற்றாண்டில். நடுவில் கிட்டத்தட்ட 400 வருடம் அது ரஷ்யாவுக்கும் சுவீடனுக்கும் நடுவே கிடந்த அசல் எல்லைக் கோட்டை. அதற்குள் நான்கு முறை கைமாறியிருக்கிறது. ரஷ்யர்கள் பலருக்கே அந்தப் பெயரைக் கேட்டதும் தனிக்கொட்டடியும் தூக்குமரமும்தான் நினைவுக்கு வரும், அதனால் உங்கள் சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் சிறையிலிருந்து கதையைத் தொடங்கினால் ஊர் புரியாது என்பது என் எண்ணம். அந்தத் தீவு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டால் பாக்கிக் கதை தானாக விளங்கும்.

சரி, வரைபடத்தைக் கொஞ்சம் மனதில் விரித்துக்கொள்ளுங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கிழக்கே லடோகா ஏரி. ஐரோப்பாவிலேயே பெரிய ஏரி அதுதான், பரப்பு ஏறக்குறைய 17,700 சதுர கிலோமீட்டர். அத்தனை தண்ணீரும் வெளியே போக இருக்கும் ஒரே வழி நேவா ஆறு. நேவாவின் நீளம் வெறும் 74 கிலோமீட்டர்தான், நம்மூர்க் கணக்கில் ஒரு சின்ன ஆற்றின் நீளம். ஆனால் ஏரி முழுவதும் அதன் வழியாக வடிவதால் அகலத்துக்கும் வேகத்துக்கும் குறைவில்லை. அது போய்ச் சேருவது பின்லாந்து வளைகுடாவில், அதாவது பால்டிக் கடலில். இந்த நேவா ஏரியை விட்டுக் கிளம்புகிற தலைவாயில், நட்ட நடுவே, கையகல நிலம் ஒன்று கிடக்கிறது. நீளவாக்கில் 300 மீட்டர், குறுக்கே 200 மீட்டர் இருக்கலாம். கொட்டைத் தீவு என்று பெயர். ரஷ்யர்கள் அங்கே கட்டிய கோட்டையை 'ஒரெஷெக்', சின்னக் கொட்டை, என்றார்கள். சுவீடன்காரர்களும் அதே அர்த்தத்தில் 'நோட்டெபோர்க்' என்றார்கள். ஃபின்னிய மொழிப் பெயரிலும் கொட்டைதான்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் சாலை என்றால் ஆறுதான். காடும் சதுப்பும் நிறைந்த பூமியில் வண்டி போகாது, படகு போகும். தெற்கே நோவ்கரோத் என்ற வணிக நகரம். அதன் விலங்குத் தோலும் தேன்மெழுகும் வோல்கவ் ஆற்றில் இறங்கி, லடோகாவைக் கடந்து, நேவா வழியாகப் பால்டிக் கடலுக்கும் ஜெர்மானிய வணிகர்களின் கைக்கும் போயின. பதிலுக்குத் துணியும் உப்பும் வெள்ளியும் அதே வழியில் வந்தன. கொட்டைத் தீவில் நூறு வில்லாளிகளோடு ஒருவன் உட்கார்ந்துவிட்டால் நோவ்கரோதின் தொண்டை அவன் கையில். இதை நோவ்கரோதும் அறிந்திருந்தது, பின்லாந்தைப் பிடித்து மெல்லக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்த சுவீடனும் அறிந்திருந்தது.

1323-ல் நோவ்கரோத்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மாஸ்கோ இளவரசரும் அப்போது நோவ்கரோதின் ஆட்சியாளருமான யூரி தனீலவிச் தீவில் மரக்கோட்டை ஒன்றைக் கட்டினார். புகழ்பெற்ற ரஷ்ய இளவரசர் அலெக்சாந்தர் நேவ்ஸ்கியின் பேரன் இவர். அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று அந்தக் கோட்டையிலேயே சுவீடனோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. சுவீடன் அரசர் மாக்னுஸுக்கு அப்போது வயது ஏழு. அவர் பெயரில் பெரியவர்கள் பேசினார்கள். இரு நாட்டுக்கும் நடுவே முதல்முறையாக எல்லை வகுத்த உடன்படிக்கை அது. அந்தப் பக்கத்துக் குடிகளான கரேலியர்களின் நிலத்தை இரண்டாகப் பிளந்ததும் அதுதான். எந்த நாட்டு வணிகரும் நேவா வழியாகத் தடையில்லாமல் வந்து போகலாம் என்று ஒரு விதியையும் அதில் சேர்த்தார்கள். கோட்டை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

'நிரந்தர சமாதானம்' என்று பெயர் வைத்தார்கள். 25 வருடம் தாங்கியது. அந்த ஏழு வயதுப் பையன் வளர்ந்து பெரியவனாகி 1348-ல் படையோடு வந்து கோட்டையைப் பிடித்தான். அடுத்த வருடமே நோவ்கரோத் திருப்பிப் பிடித்தது, ஆனால் அந்தச் சண்டையில் மரக்கோட்டை எரிந்து போனது. 1352-ல் நோவ்கரோதின் பேராயர் வசீலி கலீக்காவின் முயற்சியில் அங்கே கல் மதில் எழுந்தது. அந்தப் பழைய மதிலின் அடித்தளத்தை அனதோலி கிர்பிச்னிகவ் என்ற தொல்லியல் ஆய்வாளரின் குழு 1960-களின் இறுதியில் தோண்டத் தொடங்கி வெளியே கொண்டுவந்தது. இப்போது போனாலும் அதன் ஒரு துண்டைப் பார்க்கலாம்.

இன்று படங்களில் தெரிகிற கோட்டை அது இல்லை. 1478-ல் நோவ்கரோதை மாஸ்கோ விழுங்கிக்கொண்டது. பீரங்கி வந்துவிட்ட காலம். பழைய மதில் ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது. ஆகவே பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். தீவின் விளிம்பை ஒட்டி, ஏறக்குறைய 740 மீட்டர் சுற்றளவுக்கு, 12 மீட்டர் உயரத்துக்கு மதில். அடியில் கனம் நாலரை மீட்டர். வெளிமதிலில் ஏழு கொத்தளங்கள், உள்ளே ஒரு மூலையில் மூன்று கொத்தளங்களோடு இன்னொரு குட்டிக் கோட்டை, அதைச் சுற்றி அகழி. எதிரி வெளிமதிலைத் தாண்டி உள்ளே வந்தாலும் அங்கே போய் நின்று அடிக்கலாம் என்பது திட்டம். கரையோரம் கால் வைக்கக்கூட இடம் விடாமல் மதிலைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். ஏணி வைக்க வேண்டும் என்றால் படகிலிருந்துதான் வைக்க வேண்டும். இந்த ஏணி விஷயம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1555-லும் 1582-லும் சுவீடன் படை வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. 1611-ல் மூன்றாவது முறை வந்தபோது ரஷ்யாவில் அரசே இல்லை. ஜார் பரம்பரை அற்றுப்போய், மாஸ்கோவில் போலந்துப் படை உட்கார்ந்திருந்த குழப்பக் காலம். கோட்டைக்கு உதவி அனுப்ப ஆள் கிடையாது. மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது. மதில் உடையவில்லை, உள்ளே சோறு தீர்ந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரில் நூறு பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்று சொல்வார்கள். 1612-ல் கதவு திறந்தது. 1617-ல் ஸ்தோல்பவோ உடன்படிக்கை அந்தக் கரை முழுவதையும் சுவீடனுக்கே எழுதிக் கொடுத்தது. அதன்பின் ஏறக்குறைய 85 ஆண்டுகள் ரஷ்யாவுக்குப் பால்டிக் கடலில் கால் நனைக்க ஒரு முழம் கரை கிடையாது.

ரஷ்ய ஜார் மகா பீட்டருக்கு உறுத்தியது இதுதான். 1700-ல் நார்வாவில் சுவீடனிடம் படுதோல்வி. பீரங்கிகள் எல்லாம் போயின. தேவாலய மணிகளை இறக்கி உருக்கிப் புதுப் பீரங்கி வார்த்தார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தவர் வினியுஸ் என்ற வயதான அதிகாரி. 1702 கோடையில் பீட்டர் வெள்ளைக் கடல் பக்கம் போனார். அங்கிருந்து இரண்டு சிறிய போர்க்கப்பல்களைக் காட்டுக்குள் மரக்கட்டைகளைப் பரப்பிய பாதையில் ஆட்களும் குதிரைகளுமாக இழுத்து, ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தாண்டி, ஒனேகா ஏரியில் இறக்கினார்கள். கூலிக்கும் கட்டாயத்துக்கும் பிடித்து வந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அந்தச் சதுப்பில் செத்தார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் இல்லை. அப்புறம் லடோகா. கோட்டையை நெருங்கியதும் ஆற்றின் வாயைச் சுவீடன் பீரங்கிகள் காத்து நின்றன. எனவே படகுகளையும் அதே முறையில் காட்டு வழியாக இழுத்துக்கொண்டுபோய்க் கோட்டைக்குக் கீழே ஆற்றில் விட்டார்கள். இப்போது தீவு நாலாபுறமும் அடைபட்டது.

உள்ளே சுவீடன் வீரர்கள் சுமார் 450 பேர். வெளியே ரஷ்யர்கள் 12,000-க்கும் மேல். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் முதல் தேதி பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. மூன்றாம் நாள் கோட்டைத் தலைவரின் மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: நெருப்பும் புகையும் தாங்க முடியவில்லை, அதிகாரிகளின் மனைவிமார் மட்டும் வெளியேற அனுமதி தாருங்கள். பீட்டர் அந்தப் படையில் பேருக்குப் பீரங்கிப் பிரிவுத் தலைவர் மட்டும்தான், தளபதி ஷெரெமெத்தெவ். ஆனாலும் கடிதம் தன் கைக்கு வந்ததும் தானே பதில் எழுதினார்: தாராளமாக வரலாம், வரும்போது உங்கள் அன்புக் கணவர்களையும் கூடவே கூட்டி வந்துவிடுங்கள். அதற்குச் சுவீடன்காரர்கள் குண்டால் பதில் சொன்னார்கள்.

அக்டோபர் 11 விடியுமுன் ஏறினார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஏணிகள் மதிலுக்கு எட்டவில்லை. இரண்டாள் உயரத்துக்குப் பக்கத்தில் குறைகிறது. பீரங்கி உடைத்த ஓட்டைகளும் உயரத்தில்தான் இருந்தன. மதிலடியில் நிற்க இடமில்லாத அந்தக் கற்கரையில் ஆட்கள் குவிந்து செத்தார்கள். பீட்டர் பின்வாங்கச் சொல்லி ஆள் அனுப்பியதாகவும், முன்னணியில் நின்ற மிகயீல் கலீத்ஸின், "நான் இப்போது ஜாரின் ஆள் இல்லை, கடவுளின் ஆள்" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பிப் போக இருந்த படகுகளை ஆற்றில் தள்ளிவிடச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கும். படகு போனது உண்மையோ இல்லையோ, 13 மணி நேரம் சண்டை நடந்தது உண்மை. ரஷ்யர்களில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைப் புதைத்த இடம் இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. மாலையில் கோட்டைத் தலைவர் ஷ்லிப்பன்பாக் சரணடைய ஒப்புக்கொண்டார். எழுந்து நடக்க முடிந்தவர்கள் அவரோடு நூறு பேர்கூட இல்லை. கொடி பறக்க, பறை முழங்க, மரியாதையோடு வெளியேற விட்டார்கள்.

பீட்டர் வினியுஸுக்கு எழுதிய கடிதத்தில் பெயரை வைத்து விளையாடியிருக்கிறார்: இந்தக் கொட்டை ரொம்பக் கடினமாகத்தான் இருந்தது, ஆனாலும் கடவுள் புண்ணியத்தில் நல்லபடியாகக் கடித்து உடைத்தாயிற்று. பின்பு பெயரை மாற்றினார். ஷ்லிசெல்பர்க் என்றால் ஜெர்மன் மொழியில் சாவிக் கோட்டை. கடலுக்குச் சாவி கிடைத்துவிட்டது என்று பொருள். சரணடைந்தவர் கொடுத்த சாவியைக் கொத்தளம் ஒன்றில் அறையச் சொன்னார். ஊரின் சின்னத்தில் இன்றும் மதிலுக்கு மேலே ஒரு தங்கச் சாவி இருக்கிறது. பின்னாளில் முடிந்தபோதெல்லாம் அக்டோபர் 11 அன்று பீட்டர் இங்கே வந்து விருந்து வைப்பது வழக்கமானது.

வேடிக்கை என்னவென்றால், வென்றதோடு கோட்டைக்கு வேலை போய்விட்டது. அடுத்த வருடம், 1703-ல், நேவா கடலில் சேரும் இடத்தில் பீட்டர்ஸ்பர்க் தொடங்கியாயிற்று. அதற்கும் மேற்கே கடலுக்குள்ளேயே கிரோன்ஷ்டாட் வந்தது. எதிரி இனி வருவதானால் அந்தப் பக்கம்தான் வர வேண்டும். எல்லை நகர்ந்துவிட்டது, நாலரை மீட்டர் கனமுள்ள மதில் உள்நாட்டில் ஓர் ஆற்று நடுவே சும்மா நின்றது. நாலு புறமும் தண்ணீர், தலைநகரிலிருந்து 40 கிலோமீட்டர்கூட இல்லை, வாசல் ஒன்றே ஒன்று. இப்படி ஓர் இடத்தை ஓர் அரசு என்ன செய்யும்?

அதற்குப் போகுமுன் கரையிலிருக்கும் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோட்டை தீவில், ஊர் ஆற்றின் இடக்கரையில். அந்த ஊர் பிழைத்தது கால்வாயால். லடோகா கடல் மாதிரிப் பொங்குகிற ஏரி. தானியமும் மரமும் ஏற்றி வந்த தட்டையான படகுகள் வருடந்தோறும் புயலில் கவிழ்ந்துகொண்டே இருந்தன. பீட்டர்ஸ்பர்க்குக்குச் சோறு வரும் வழியே அதுதான். ஏரிக்குள் போகாமல் அதன் தெற்குக் கரையை ஒட்டியே 117 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்ட 1719-ல் தொடங்கி, பீட்டர் செத்தபின் 1731-ல், மின்னிஹ் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் கையில் முடித்தார்கள். அது வந்து நேவாவைத் தொடும் இடம் ஷ்லிசெல்பர்க். பிறகு படகோட்டிகள், சுமைகாரர்கள், நேவாவின் பாறைத் திட்டுகளைத் தாண்ட வழிகாட்டும் ஆட்கள், சாராயக் கடைகள், தேவாலயம், 1763-லேயே ஒரு சீட்டித் துணி ஆலை என்று ஊர் வளர்ந்தது. 1780-ல் நகரம் என்ற தகுதியும் கிடைத்தது. கரையில் சந்தைச் சத்தம். கூப்பிடு தூரத்தில் ஒரு சத்தமும் வெளியே வராத தீவு.

தீவுக்குக் கைதிகளாக முதலில் வந்தவர்கள் அரச குடும்பத்தார். பீட்டர் தன் மாற்றாந்தாய் மகளான சகோதரி மரியாவை 1718-ல் இங்கே அடைத்தார். பீட்டர் இறந்தபின் அவருடைய முதல் மனைவி யெவ்தோக்கியா 1725 முதல் இரண்டு வருடம் இங்கே இருந்தார். ஆனால் மறக்க முடியாத பெயர் ஆறாம் இவான். 1740-ல் பிறந்து, இரண்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே பேரரசராக அறிவிக்கப்பட்டவர். ஒரு வருடம் கழித்து பீட்டரின் மகள் எலிசபெத் அரியணையைப் பிடித்ததும் தொட்டிலிலிருந்து நேரே காவலுக்குப் போனார். அவர் முகம் பொறித்த காசுகளைச் செல்லாது என்று திரும்ப வாங்கி உருக்கினார்கள். 1756-ல், பதினைந்து வயதில், ஷ்லிசெல்பர்க்குக்குக் கொண்டுவந்து 'முதலாம் எண் கைதி' என்று அடைத்தார்கள். காவலர்களுக்குக்கூட அவர் யார் என்று சொல்லப்படவில்லை. ஆனால் கூடவே இருந்த இரண்டு அதிகாரிகளுக்கு ஒரு ரகசியக் கட்டளை இருந்தது: யாராவது இவரை மீட்க வந்தால், உயிரோடு கொடுக்காதே.

1764 ஜூலையில் அது நடந்தது. கோட்டைப் படையிலிருந்த வசீலி மிரோவிச் என்ற இளம் அதிகாரி, உள்ளே இருப்பவர் யார் என்று கேள்விப்பட்டு, இரவில் வீரர்களைத் திரட்டிக்கொண்டு அவரை விடுவிக்க வந்தான். கதவைத் திறக்கும்போது 23 வயது இளைஞனின் உடல் தரையில் கிடந்தது. அதிகாரிகள் கட்டளைப்படி வேலையை முடித்திருந்தார்கள். பேரரசி இரண்டாம் கேத்தரின் அப்போது பால்டிக் பகுதியில் பயணத்தில் இருந்தார். மிரோவிச்சின் தலையைப் பீட்டர்ஸ்பர்க்கில் பொதுமக்கள் முன் வெட்டினார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக மரண தண்டனையையே பார்த்திராத நகரம் அன்று உறைந்து நின்றது. இவானைக் கோட்டைக்குள் எங்கே புதைத்தார்கள் என்பதற்கு அடையாளம் வைக்கவில்லை.

அப்புறம் காலத்துக்கு ஏற்றபடி கைதிகள் மாறினார்கள். அரச வம்சத்தார் போய் எழுத்தும் கருத்தும் உடையவர்கள் வந்தார்கள். பதிப்பாளர் நவிகவ் 1792 முதல் நான்கு வருடம்; 1825-ல் ஜாருக்கு எதிராக எழுந்த திசம்பர்க் கிளர்ச்சிக்காரர்கள் சிலர்; அராஜகவாதி பக்கூனின் 1854 முதல் 1857 வரை. பக்கூனினுக்கு இங்கே பற்கள் எல்லாம் விழுந்துபோயின. எனக்கு இவர்களைவிட அதிகம் உறுத்துபவர் வலேரியன் லுகாசின்ஸ்கி. போலந்து அதிகாரி. 1830-ல் இங்கே வந்தவர், 1868-ல் இங்கேயே இறந்தார். 38 வருடம். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது, ரயில் வந்தது, ஒரு ஜார் போய் இன்னொரு ஜார் வந்தார். அவர் அதே தீவில்.

இனி நீங்கள் படித்த அந்த வரி. 1881-ல் 'மக்கள் விருப்பம்' என்ற ரகசிய அமைப்பு ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வீசிக் கொன்றது. அதன் ஆட்களை வைப்பதற்காகவே 1884-ல் கோட்டைக்குள் இரண்டு மாடிச் செங்கல் சிறை ஒன்றைக் கட்டினார்கள், 40 தனிக்கொட்டடிகள். முதல் வருடங்களில் பேசக்கூடாது, பாடக்கூடாது, அடுத்த கொட்டடியில் யார் என்று தெரியக்கூடாது. சுவரில் தட்டித் தட்டி எழுத்துக்கு எழுத்து பேசினார்கள். அதிகாரிமேல் கை ஓங்கினால் மரணம் என்று விதி. மினாகவ் என்பவர் அப்படிச் செய்து சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து மிஷ்கின் என்பவர் சிறைத் தலைவர்மேல் தட்டை வீசினார், அதே முடிவு. கிரச்செவ்ஸ்கி என்பவர் 1887-ல் விளக்கு மண்ணெண்ணெயை ஊற்றித் தன்னை எரித்துக்கொண்டார். அதன்பிறகுதான் அந்தச் சிறைத் தலைவரை நீக்கினார்கள், கெடுபிடியும் கொஞ்சம் தளர்ந்தது.

அதே 1887-ல்தான் லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவ். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் மாணவர்; வளையப் புழுக்களைப் பற்றிய ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். அடுத்த ஜார் மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லும் சதியில், வெடிகுண்டு தயாரித்த குழுவில் இருந்தார். குண்டு வெடிக்குமுன் பிடிபட்டார்கள். மே 20 அன்று (பழைய நாட்காட்டிப்படி மே 8) அவரையும் மற்ற நால்வரையும் கோட்டைக்குள் தூக்கிலிட்டார்கள். வயது 21. அதே மே மாதத்தில் சிம்பிர்ஸ்க் நகரில் அவர் தம்பி விளதீமிர், பின்னாளைய லெனின், பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். அந்தச் சாவு லெனினை உருவாக்கியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தூக்கு தப்பிய கூட்டாளிகளை யாரும் கவனிப்பதில்லை. லுகஷேவிச்சும் நவரூஸ்கியும் அதே தீவில் கிட்டத்தட்ட 18 வருடம் இருந்தார்கள். கெடுபிடி தளர்ந்த பிறகு கைதிகளுக்குத் தச்சுப் பட்டறை, சின்னத் தோட்டம் எல்லாம் கிடைத்தன. இருவரும் கல், செடி, பூச்சி மாதிரிகளைச் சேகரித்து, ஒட்டி, பெயரெழுதி, வெளியே பள்ளிக் குழந்தைகள் பார்க்கிற நடமாடும் அருங்காட்சியகம் ஒன்றுக்குச் செய்து கொடுத்தார்கள். வெளியே வந்தபின் லுகஷேவிச் நிலவியல் அறிஞரானார்.

நிக்கலாய் மரோசவ் இன்னொருவர். 21 வருடம் உள்ளே இருந்து, வேதியியல், வானியல் என்று கட்டுக் கட்டாக எழுதிக்கொண்டு வெளியே வந்து, 1946 வரை வாழ்ந்தார். வேரா ஃபிக்னர் 20 வருடம். அவரும் 1942 வரை இருந்தார். எல்லாரும் இப்படித் தேறி வரவில்லை. பலர் காசநோயிலும் பித்திலும் போனார்கள்.

1905 புரட்சியின்போது மன்னிப்பு வந்து சிறை காலியானது. இரண்டே வருடத்தில் கடுங்காவல் சிறையாக மறுபடி திறந்து, நூற்றுக்கணக்கில் ஆட்களை நிரப்பினார்கள். பின்னால் சோவியத் தலைவராகப்போகிற அர்ஜோனிகித்சே அதில் ஒருவர். 1917 பிப்ரவரிப் புரட்சியில் எதிர்க்கரையிலிருந்த வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் உறைந்த ஆற்றைக் கடந்து வந்து எல்லாரையும் விடுவித்தார்கள். சில நாள் கழித்துச் சிறைக்குத் தீ வைத்தார்கள். 1928-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தது. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

1941 செப்டம்பர் 8. ஜெர்மானியப் படை ஷ்லிசெல்பர்க் ஊரைப் பிடித்தது. லெனின்கிராடின் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) 872 நாள் முற்றுகை அன்றிலிருந்துதான் கணக்கு. ஏனென்றால் நகரத்துக்குக் கடைசித் தரைவழி அன்றுதான் அறுந்தது. ஆனால் ஜெர்மானியர் கரையோடு நின்றார்கள், தீவுக்குப் போகவில்லை. மறுநாள் இரவு எதிர்க்கரையிலிருந்து சோவியத் வீரர்கள் படகில் போய்ப் பார்த்தார்கள். கோட்டை காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய 500 நாள் அங்கிருந்து அசையவில்லை. ஒரு பக்கம் கூப்பிடு தூரத்தில் எதிரி. சோறும் குண்டும் இரவில் படகில் வரும். ஜூன் மாதம் அந்த ஊரில் இரவு இருட்டாது என்பதை நினைத்துப் பாருங்கள். பகல் மாதிரி வெளிச்சத்தில் துடுப்புப் போட வேண்டும். ஜெர்மானியப் பீரங்கிகள் கொத்தளங்களின் மேல்பாதியைச் சீவி எறிந்தன. தேவாலய மணிக்கூண்டில் கொடி விழும், மறுபடி ஏற்றுவார்கள். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் கொத்தனார்கள் வைத்த அடிமதில் நின்றது.

இது வெறும் வீம்பு இல்லை. தீவு விழுந்திருந்தால் ஜெர்மானியருக்கு நேவாவின் வலக்கரைக்கு நல்ல படிக்கட்டு கிடைத்திருக்கும். அந்தப் பக்கம் வடக்கே ஃபின்னியப் படை நின்றது. இரண்டும் கைகோத்திருந்தால், லடோகாவின் பனிமேல் லாரிகள் ஓடிய அந்த 'உயிர்ப் பாதை'யும் மூடியிருக்கும். நேவாவின் தலைவாயில் யார் உட்காருவது என்ற 1323-ன் கேள்விதான், எழுத்து மாறாமல். இருநூறு வருடத்துக்கு முன்பே ராணுவத்துக்கு உதவாது என்று கைவிட்ட கோட்டை அதற்கு மறுபடியும் பதில் சொன்னது.

1943 ஜனவரி 12-ல் முற்றுகையை உடைக்கும் தாக்குதல் தொடங்கியது. 18-ம் தேதி ஷ்லிசெல்பர்க் விடுபட்டது. அந்த ஊரில் உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேர்தான். உடைத்துப் பிடித்த சில கிலோமீட்டர் அகல நிலத்தில், இரண்டு மூன்று வாரத்துக்குள், உறைந்த ஆற்றின்மேல் மரத்தூண் பாலம் போட்டு 33 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தார்கள். பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் லெனின்கிராடு போய்ச் சேர்ந்தது. பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் விளக்கணைத்து ஓடிய ரயில்களை ஓட்டியவர்கள் அதை 'சாவு நடைபாதை' என்றார்கள்.

1944-ல் ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று ஊரின் பெயரை 'பெத்ரக்ரேபஸ்த்', பீட்டர் கோட்டை, என்று மாற்றினார்கள். சுவீடனை வென்ற பெருமைக்காக பீட்டர் வைத்த பெயர், ஹிட்லர் படையின் மொழியில் இருந்ததால் போயிற்று. 1992-ல் பழைய பெயர் திரும்பியது.

இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஊர் சின்னது, 2010 கணக்கெடுப்பில் 13,000 பேர் அளவு. கோட்டை பீட்டர்ஸ்பர்க் நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளை. 1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பீட்டர்ஸ்பர்க் நினைவிடங்களில் இதுவும் ஒன்று. சில கொத்தளங்களைச் சீர்படுத்தியிருக்கிறார்கள். சிறைக் கட்டடங்களில் கொட்டடிகளைப் பார்க்கலாம். கடைசியாகக் கட்டிய பெரிய சிறைக் கட்டடமும் குண்டு துளைத்த தேவாலயமும் இடிபாடாகவே நிற்கின்றன. தேவாலயத்துக்குள் போர் நினைவிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் புதுசாகக் கட்டிப் பூசாமல் விட்டது நல்லது என்பேன்.

போவதாக இருந்தால் கோடையில் போங்கள். குளிர்காலத்தில் படகு இல்லை. ஊரிலிருந்தும் படகு உண்டு, எதிர்க்கரையிலிருந்தும் உண்டு. பீட்டர்ஸ்பர்க்கின் பின்லாந்து ரயில் நிலையத்தில் ஏறினால் நீங்கள் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்னும் பெத்ரக்ரேபஸ்த் என்றுதான் இருக்கும், அதை யாரும் மாற்றவில்லை. அந்த நிலையம் இருக்கும் குடியிருப்பு பழைய வெடிமருந்து ஆலையைச் சுற்றி வளர்ந்தது. 1922-ல் அதற்கு மரோசவ் என்று அந்தக் கைதியின் பெயரையே வைத்தார்கள். படகுத்துறைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.